டெரிட்டி பஜார்: கொல்கத்தாவின் பழைய சீனாபாரா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொல்கத்தாவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கே ஒரு பழைய சீனர் பேட்டை இருக்கிறது என்று யாரிடமாவது சொன்னால், அடுத்து வருகிற கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எங்கே இருக்கிறது, என்ன கிடைக்கும், எத்தனை மணிக்குப் போகணும்? சாப்பாட்டைத் தாண்டி அந்த மக்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்ட சிலருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். சாப்பாட்டுக்கும் பதில் உண்டு. ஆனால் 1962 இந்திய-சீனப் போரைப் பற்றிய பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது?

மத்திய கொல்கத்தாவில், லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில். சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். வழி கேட்டால் போத்தார் கோர்ட் என்ற பெரிய அலுவலகக் கட்டடத்தை அடையாளமாகச் சொல்வார்கள். அதைச் சுற்றியுள்ள சன் யாட் சென் தெரு, பிளாக்பர்ன் லேன், சாத்தாவாலா கலி, டாம்சென் லேன் ஆகிய சந்துகள்தான் பழைய சீனாபாரா. வங்காளியில் 'பாரா' என்றால் நம் பேட்டை மாதிரி.

கொல்கத்தாவில் இன்னொரு சீனர் பகுதியும் உண்டு. நகரின் கிழக்கே, தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த டாங்ரா. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பெரிய சீன உணவகங்களுக்கு இரவில் குடும்பத்தோடு போவது டாங்ராவுக்கு. விடியற்காலைச் சந்தைக்குப் போவது டெரிட்டி பஜாருக்கு. இரண்டில் மூத்தது டெரிட்டி பஜார்.

'டெரிட்டி' சீனப் பெயரா?

இல்லை, இத்தாலியப் பெயர். எட்வர்ட் டிரெட்டா என்பவர் வெனிஸ் பக்கத்திலிருந்து கிளம்பி எப்படியோ கல்கத்தா வந்து சேர்ந்தவர். கம்பெனி ஆட்சியில் நகரின் தெருக்களையும் கட்டடங்களையும் மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்தார். அவர் சொந்தமாக ஒரு சந்தை வைத்திருந்தார். பிறகு கடன் தொல்லையில் சிக்கினார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சந்தை லாட்டரிச் சீட்டில் பரிசாகப் போய்விட்டது. சந்தை கைமாறினாலும் பெயர் மட்டும் மாறவில்லை. டிரெட்டா வங்காளிகளின் வாயில் டெரிட்டி ஆனார்.

ஆக, இத்தாலியர் ஒருவர் ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்தில் தொடங்கிய சந்தை, சீனர்களின் பேட்டையானது.

முதலில் வந்த சீனர் யார்?

பெயர் தெரிந்தவர்களில் முதல்வர் டாங் அச்சியூ. ஆங்கில ஆவணங்களில் 'அச்சு' என்று எழுதியிருப்பார்கள். 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து கல்கத்தாவுக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் அருகே, ஹூக்ளி ஆற்றங்கரையில் 650 பீகா (வங்காளத்து நில அளவு) நிலம் வாங்கினார். வருட வாடகை 45 ரூபாய். அங்கே கரும்பு பயிரிட்டு சர்க்கரை ஆலை வைத்தார். வேலைக்கு சீனாவிலிருந்து 110 பேரைக் கூட்டி வந்தார்.

ஆலை நிலைக்கவில்லை. கல்கத்தாவில் ஏற்கெனவே கப்பல்களிலிருந்து இறங்கித் தங்கிவிட்ட சீனர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் தன் ஆட்களை ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அச்சியூ கம்பெனியிடம் முறையிட்டார். கம்பெனி எச்சரிக்கையும் விட்டது. 1783-இல் அச்சியூ இறந்தார். ஆலை நொடித்துப்போய், ஆட்கள் ஒவ்வொருவராக நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பேட்டையின் தொடக்கம் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்ததுதான்: கப்பலை விட்டு இறங்கியவர்கள் ஒருபுறம், ஆலையை விட்டு வந்தவர்கள் மறுபுறம்.

அவர் வாங்கிய இடத்துக்கு இன்றும் அச்சிப்பூர் என்றுதான் பெயர்.

'சீனி' என்ற சொல்லே அச்சியூவால் வந்தது என்கிறார்களே?

கொல்கத்தாவில் இதை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள். வங்காளியில் சர்க்கரைக்கு 'சினி', சீனாவுக்கு 'சீன்', எனவே அச்சியூ கொடுத்த பெயர் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம்ப வேண்டாம். சர்க்கரைக்கு இந்தப் பெயர் இந்தியா முழுக்கப் பல மொழிகளில் இருக்கிறது. நாமும் சீனி என்கிறோம். ஹூக்ளிக் கரையில் சில வருடம் மட்டும் ஓடி நின்றுபோன ஓர் ஆலை, திருநெல்வேலிக் கடைத்தெரு வரை ஒரு சொல்லைக் கொண்டு வந்திருக்க முடியாது. அந்தச் சொல் அச்சியூவைவிட மூத்தது. அதில் 'சீனா' இருக்கிறது என்பது மட்டும் உண்மை.

ஏன் கல்கத்தாவுக்கு வந்தார்கள்?

அபின்தான் முக்கியமான காரணம். கிழக்கிந்தியக் கம்பெனி பீகார் பக்கம் விளைந்த அபினைக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. வாங்கிய வியாபாரிகள் அதைக் கப்பலேற்றி, தென்சீனத் துறைமுக நகரமான கான்டனுக்கு அனுப்பினார்கள். அந்தக் கப்பல்கள் திரும்பும்போது தேயிலையும் பட்டும் வந்தன, ஆட்களும் வந்தார்கள். கான்டன் வட்டாரத்தில் பஞ்சமும் கலகமும் மாறி மாறி வந்த காலம் அது. பிழைக்க வழி தேடியவர்களுக்குக் கப்பல் போகிற ஊர்தான் வழி. 1837-இல் எடுத்த கணக்கில் கல்கத்தாவில் சீனர்கள் 362 பேர்.

இதோடு சேர்ந்த ஒரு செய்தி என் மனதை விட்டுப் போகாதது. இரண்டாம் அபின் போரில் ஆங்கிலேயர்கள் கான்டனைப் பிடித்தபோது, அந்த மாகாணங்களை ஆண்ட யே மிங்சென்னைச் சிறைபிடித்து 1858-இல் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் இங்கேயே இறந்துபோனார். அவருக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த சலோனர் அலபாஸ்டர் என்ற இளைஞர், ஊரில் இருந்த சீனத் தச்சர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் பார்த்து ஒரு கட்டுரை எழுதினார். இந்தப் பேட்டையின் ஆரம்ப காலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அதிலிருந்து வருவது. அபின் கப்பலில் பிழைப்பு தேடி வந்தவர்களின் கதை, அபின் போரில் தோற்று வந்த ஒருவரின் மொழிபெயர்ப்பாளரால் பதிவாகியிருக்கிறது.

எல்லாரும் ஒரே மாதிரிச் சீனர்கள்தானா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் அப்படி. ஊர், பேச்சு, தொழில் மூன்றும் சேர்ந்தே பிரிந்திருந்தன.

கான்டனியர்கள் தச்சர்கள். கப்பல் துறையிலும் மரச்சாமான் வேலையிலும் அவர்களுக்குப் பெயர் அதிகம். பௌபஜார் பக்கம் அவர்களுடைய பட்டறைகள் இருந்தன. தெற்குச் சீனத்திலேயே தனிப் பேச்சு கொண்ட ஹக்கா மக்கள் செருப்பு தைத்தார்கள், பிறகு தோலும் பதனிட்டார்கள். லால்பஜாரிலிருந்து தெற்கே போகும் பென்டிங்க் தெருவில் வரிசையாக அவர்களுடைய செருப்புக் கடைகள்தான். ஹூபே மாகாணத்திலிருந்து வந்தவர்கள் பல் வைத்தியர்கள், காகிதப் பூ செய்பவர்கள். ஷாண்டுங் ஆட்கள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பட்டு விற்றார்கள். ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாது என்பதால் இவர்களுக்குள் பேச்சு பல நேரம் இந்தியிலோ வங்காளியிலோதான் நடக்கும்.

ஹக்கா மக்கள் தோல் வேலைக்கு வந்ததற்குப் பின்னால் நம் ஊர்க் காரணம் ஒன்று இருக்கிறது. செத்த மாட்டின் தோலைத் தொடுவதற்குச் சாதி இந்துக்கள் தயாராக இல்லை. தொட்டவர்களைத் தள்ளி வைத்தார்கள். லாபம் இருந்தும் போட்டி குறைவான தொழில் அது. அந்தச் சாதிக் கணக்குக்கு வெளியே இருந்த ஒரு கூட்டம் வந்து அதை எடுத்துக்கொண்டது. சீனர்களின் சுறுசுறுப்பைப் பற்றி நிறையப் பேர் பேசுகிறார்கள். நம் சாதிதான் அவர்களுக்கு அந்த இடத்தைக் காலி செய்து வைத்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சீனக் கோயில்களை ஏன் 'சர்ச்' என்கிறார்கள்?

முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் இங்கே குழம்புவார்கள். சீ இப் சர்ச், டூங் ஆன் சர்ச், நாம் சூன் சர்ச் என்று பலகை இருக்கும். உள்ளே போனால் ஊதுபத்தி, சிவப்புத் தூண், தங்க எழுத்து, மரச் செதுக்கல். ஆங்கிலேயர் காலத்தில் வழிபாட்டு இடம் என்றாலே 'சர்ச்' என்று எழுதிய பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஏசுநாதருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

டூங் ஆனிலும் நாம் சூனிலும் போர்வீரத் தெய்வமான குவான் டி. சீ இப் சர்ச்சில் குவான் யின், கருணைத் தாய்.

இவை கோயில் மட்டுமில்லை. ஒவ்வொன்றும் ஓர் ஊர்க்காரர்களின் சங்கம். புதிதாக வந்தவருக்குத் தங்க இடம், வேலைக்குச் சிபாரிசு, கடன், செத்தால் அடக்கம் செய்யப் பணம், எல்லாம் அங்கேதான். நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் விடுதி வைத்திருந்தார்களே, அந்த ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் உடனே புரியும். கீழ்த்தளத்தில் பெரியவர்கள் மாஜாங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடுவார்கள், மேல்தளத்தில் சாமி. டூங் ஆன் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான்கிங் என்ற உணவகம் இருந்தது. ஒரு காலத்தில் கல்கத்தாப் பெரிய மனிதர்கள் போய் உட்காரும் இடம். இப்போது அது இல்லை.

அபின் கிடங்கு, சூதாட்டம் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே?

இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் அரசு உரிமத்தோடு அபின் விற்றது, வரியும் வாங்கியது. அதை வைத்துப் பேட்டை முழுவதையும் குற்றவாளிகளின் குகைபோல எழுதியது அந்தக் காலப் பத்திரிகைகளின் வழக்கம். விற்று வரி வாங்கியவர்களை யாரும் அப்படி எழுதவில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

1962-இல் என்ன நடந்தது?

அக்டோபர் 20 அன்று எல்லையில் சண்டை தொடங்கியது. நவம்பர் 21 அன்று சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. ஒரு மாதச் சண்டை. அதற்காக இந்தியச் சீனர்கள் பட்டது பல வருடம்.

அந்த ஆண்டு கொண்டுவந்த சட்டத்தை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருவரோ, அவருடைய அப்பா அம்மாவில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ எதிரி நாட்டின் குடிமகனாக எப்போதாவது இருந்திருந்தால், அவரை வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ் பிடிக்கலாம். அதாவது, நீங்கள் இந்தியாவில் பிறந்து, இந்தியக் குடியுரிமையோடு இருந்து, வங்காளி மட்டுமே பேசினாலும், உங்கள் தாத்தா எந்த ஊர்க்காரர் என்பதே போதும்.

சுமார் 3,000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்தில் இருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேயர்கள் ஜெயப்பிரகாஷ் நாராயணை அடைத்து வைத்த அதே தேவ்லி. முகாமுக்குப் போனவர்களில் அதிகம் பேர் அஸ்ஸாம், ஷில்லாங், டார்ஜிலிங் பக்கத்தவர்கள். தேயிலைத் தோட்டத் தச்சர்கள், சின்னச் சின்னக் கடைக்காரர்கள், அவர்களுடைய மனைவி, பிள்ளைகள், கிழவர்கள். அஸ்ஸாமியப் பெண்களைக் கட்டி, அஸ்ஸாமிய மொழி பேசி, மூன்று தலைமுறையாக மாக்கும் என்ற ஊரில் வாழ்ந்தவர்கள் அதில் உண்டு. ரயிலில் ஏற்றி நாள்கணக்கில் கொண்டுபோனார்கள். சிலர் சில மாதத்தில் வெளியே வந்தார்கள், சிலருக்கு 1967 வரை ஆனது. திரும்பி வந்து பார்த்தபோது கடையும் வீடும் கைமாறிப் போயிருந்தது பலருக்கு.

டெரிட்டி பஜாரில் இருந்தவர்களுக்கு?

கல்கத்தாச் சீனர்களில் பெரும்பாலோர் தேவ்லிக்குப் போகவில்லை. அதனால் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பலரைச் சிறையில் போட்டார்கள். மற்றவர்கள் போலீஸ் நிலையத்தில் தவறாமல் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்த ஊரை விட்டு 24 மணி நேரத்துக்கு மேல் வெளியே போக அனுமதி வாங்க வேண்டும். வெளியூர்ச் சந்தைக்குச் சரக்கு எடுத்துப் போகிற வியாபாரி அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நின்றால் வியாபாரம் என்ன ஆகும்? வேலையில் இருந்தவர்கள் வேலை இழந்தார்கள். பேங்க் ஆஃப் சைனாவின் கல்கத்தாக் கிளையை அரசு இழுத்து மூடியது. நம்பிப் பணம் போட்டிருந்த சின்ன வியாபாரிகள் தவித்துப் போனார்கள்.

நாட்டுக்கு நாடு சண்டை வந்தால் சந்தேகம் வருவது சகஜம்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சந்தேகம் வேறு. குற்றமே சாட்டாமல், விசாரணையே இல்லாமல், குழந்தையும் கிழவியுமாகக் குடும்பத்தையே கம்பி வேலிக்குள் வைப்பது வேறு. உயிரோடு இருப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இந்திய அரசிடம் கேட்பது ஒரு மன்னிப்பு. இதுவரை அது வரவில்லை. இவ்வளவு பெரிய விஷயம் நம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறாத குறை.

இதில் தமிழ்நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. 1963-இல் சீன அரசு, வர விரும்புகிறவர்களை அழைத்துக்கொள்கிறோம் என்று கப்பல் அனுப்பியது. அந்தக் கப்பல்கள் வந்து நின்ற இடம் சென்னைத் துறைமுகம். தேவ்லியிலிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்து கப்பலேறினார்கள். மூன்று நடை, மொத்தம் 2,300-க்கும் மேற்பட்டவர்கள். அதில் பலர் சீனாவைப் பார்த்ததே கிடையாது. அங்கே போனபிறகு அவர்களைத் தெற்குச் சீனத்தின் பண்ணைகளில் குடியமர்த்தினார்கள். இங்கே சீனர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அங்கே இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஆனார்கள். அவர்கள் பார்த்த கடைசி இந்திய மண் நம் ராயபுரம் பக்கத்துக் கடற்கரை.

இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் பழைய சீனப் பல் வைத்தியர்களின் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்னேனே, ஹூபே பல் வைத்தியர்கள், அதே வழி வந்தவர்கள் அவர்கள். அப்புறம் நீலகிரி. 19-ஆம் நூற்றாண்டில் மலாயாப் பக்கத்திலிருந்து மெட்ராஸ் சிறைக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை நடுவட்டத்தில் சிங்கோனா (கொய்னா மருந்து தரும் மரம்) தோட்ட வேலைக்குக் கொண்டுபோனார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து மலையிலேயே தங்கினார்கள். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய ஆங்கிலேயர் எட்கர் தர்ஸ்டன் அந்தக் குடும்பங்களைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

டாங்ராவின் தோல் தொழிற்சாலைகள் ஏன் மூடின?

இதைப் புரிந்துகொள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பாலாற்றுக்குத் தோல் ஷாப்புகள் செய்ததை டாங்ராவின் சாக்கடைகளுக்கும் அவை செய்தன. 1996 ஆகஸ்டில் வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் கல்கத்தாத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பு வந்தது. நகரத்துக்குள் இருக்கக் கூடாது, வெளியே பான்தலாவுக்குப் போங்கள் என்று உத்தரவு.

தீர்ப்பில் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல முடியாது. ஆனால் வசதி உள்ள முதலாளிகள்தான் புது இடத்துக்குப் போக முடிந்தது. சின்ன ஷாப் வைத்திருந்த குடும்பங்களில் பல, தோல் ஊறவைத்த கூடத்தையே உணவகமாக மாற்றின. இன்று டாங்ராவில் நீங்கள் சாப்பிடுகிற பெரிய ஹால்களின் பின்கதை அதுதான். பலர் மொத்தமாக விற்றுவிட்டு டொராண்டோ போனார்கள்.

கோபி மஞ்சூரியன் இங்கிருந்து வந்ததா?

நேராக இல்லை, ஆனால் தூரத்து உறவு. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதாகச் சொல்வார்கள். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது. பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, சோயா சாஸ், சோள மாவு சேர்ந்த அந்த ருசி, கொல்கத்தாவின் ஹக்கா வீடுகளும் கடைகளும் இந்திய நாக்குக்காகத் தேற்றி எடுத்தது. அந்த சாஸ்களைக் காய்ச்சிய பௌ சோங் கடை டெரிட்டி பஜாரில் இன்றும் இருக்கிறது. அவர்களுடைய பச்சை மிளகாய் சாஸ் வாங்காமல் நான் ஒரு தடவையும் திரும்பியதில்லை.

இந்த உணவு இப்போது கனடாவிலும் ஒரு தனி வகை. டொராண்டோவில் 'ஹக்கா உணவு' என்றால் சில்லி சிக்கனும் மஞ்சூரியனும்தான் அர்த்தம். ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர்கள் அங்கே போய்ச் சாப்பிடும்போது, எதிரில் பரிமாறுகிறவரும் ஊரை விட்டு வந்தவர்தான்.

காலைச் சந்தையில் என்ன கிடைக்கும்?

போத்தார் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஐந்தரை, ஆறு மணிக்கே அடுக்கு வந்துவிடும். நம் ஊரில் பாட்டிகள் வாசலில் இட்லிக் கொப்பரை வைத்து விற்பது போலத்தான். அலுமினிய அடுக்குகளில் ஆவி பறக்கும். பன்றிக்கறி பாவ் (கறி வைத்து ஆவியில் வேகவைத்த ரொட்டி), சியூ மாய் (கறி வைத்த சின்னக் கொழுக்கட்டை), மோமோ, மீன் உருண்டை சூப், வாழை இலைக் கொழுக்கட்டையை நினைவுபடுத்தும் இலையில் சுற்றிய ஒட்டரிசி, எள் உருண்டை, சீனப் பன்றிக்கறி சாசேஜ். சைவர்களுக்குக் கிடைப்பது குறைவு. ஞாயிறுதான் கூட்டம்.

எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். நான் முதல் தடவை போனது எட்டரைக்கு. லேக் மார்க்கெட் பக்கத்து வீட்டிலிருந்து சாவகாசமாகக் கிளம்பிப் போய் நின்றேன். ஓர் அம்மா காலி அடுக்கைக் கழுவிக்கொண்டே, "ஷேஷ், தாதா" என்றார். 'தீர்ந்துவிட்டது, அண்ணா' என்று அர்த்தம். அடுத்த வாரம் இருட்டோடு கிளம்பினேன்.

இப்போது விற்பவர்களில் சீனர் அல்லாதவர்களும் நிறைய. சீனர் வீட்டில் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள். அசல் போய்விட்டது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கைப்பக்குவம் கைமாறித்தான் நிலைக்கும்.

இப்போது எத்தனை சீனர்கள் இருக்கிறார்கள்?

ஒரு காலத்தில் கல்கத்தாவில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இன்று இரண்டு பேட்டையையும் சேர்த்தாலும் சில ஆயிரம்தான். டாங்ராவின் பெய் மெய் சீனப் பள்ளி மாணவர்கள் இல்லாமல் மூடிவிட்டது. 1969-இல் தொடங்கிய 'சியோங் பாவ்' என்ற சீனமொழி நாளிதழ், இந்தியாவின் கடைசிச் சீனப் பத்திரிகை, 2020-இல் நின்றுபோனது. படிக்கத் தெரிந்தவர்களே சில நூறு பேராகிவிட்டார்கள். இளையவர்கள் வீட்டில் கொஞ்சம் ஹக்கா, தெருவில் இந்தியும் வங்காளியும், வேலையில் ஆங்கிலம். பலருடைய பெற்றோருக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்ததே 1990-களின் பிற்பகுதியில்தான்.

போக நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சந்தை. அது முடிந்ததும் பெரும்பாலானவர்கள் டாக்சி பிடித்துவிடுவார்கள். நீங்கள் பிடிக்காதீர்கள். டூங் ஆன், சீ இப் இரண்டும் நடக்கிற தூரம். செருப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், பெரும்பாலும் கழற்றச் சொல்ல மாட்டார்கள். மாஜாங் ஆடுகிற பெரியவர்களை முகத்துக்கு நேராகப் போட்டோ எடுக்க வேண்டாம், கேட்டுவிட்டு எடுங்கள். போலீஸுக்கு வாரா வாரம் முகம் காட்டிய தலைமுறை அது.

டாங்ராவுக்குப் போனால் சீனக் காளி கோயிலைப் பாருங்கள். மரத்தடியில் குங்குமம் வைத்த கல்லாக இருந்த சாமி. நோய்வாய்ப்பட்ட ஒரு சீனப் பிள்ளை அங்கே வேண்டிக்கொண்டதும் பிழைத்தது என்று சொல்லி, சீனர்களே கட்டிய கோயில். அங்கே நூடுல்ஸ் படைப்பார்கள்.

சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் இருந்தால் அச்சிப்பூருக்குப் போய்விடுங்கள். ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவில் சிவப்புச் சாயம் பூசிய அச்சியூவின் சமாதி இருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கோயில், அதில் நில தேவனும் தேவியும். சுற்றுக் கிராமத்து மக்கள் அவர்களை குதா, குதி என்று கூப்பிடுகிறார்கள். அந்த நாட்களில் கொல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சீனர்கள் வருவார்கள். சமாதியில் ஊதுபத்தி ஏற்றி, பழமும் கோழியும் படைத்து, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பேரப்பிள்ளைகளுக்கு இவர்தான் முதலில் வந்தவர் என்று காட்டுவார்கள். மற்ற நாட்களில் போனால் ஆறும் ஒன்றிரண்டு மீன்பிடிப் படகும்தான்.